ட்ரில் மாஸ்டரை ஆசிரியர் ஆக்கியவர்

சென்னை புத்தகக் கண்காட்சிக்குப் போய் வந்தவர்களுக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு கையிலும் பை, காலெல்லாம் புழுதி, வெளியே வந்தால் ஆட்டோ கிடைக்காது.

அந்த வளாகத்துக்குள் ஒரு கல்லூரி இருக்கிறது. அதை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள் மக்களே?

உங்க பள்ளிக்கூடத்தில் கழுத்தில் விசில் மாட்டிக்கிட்டு நின்ற பி.டி. சார் ஞாபகம் இருக்கா? அவருடைய வேலை இந்த நாட்டில் ஒரு படிப்பாக மாறியது இங்கிருந்துதான். இந்தியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி. தொடங்கிய ஆண்டு 1920. தொடங்கியவர் ஓர் அமெரிக்கர். பெயர் ஹாரி குரோ பக்.

வரலாற்றுப் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு இவரைப் பற்றிப் பேசுவோம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

பக் பிறந்தது 1884-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில். படித்தது ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில். இந்தக் கல்லூரியின் கதை தெரியாமல் பக்கின் கதை புரியாது. அதனால் முதலில் அங்கே போய் வருவோம்.

ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் 1890-ல் ஒரு ஃபுட்பால் அணி உருவானது. நாம் ஆடுகிற கால்பந்து இல்லைங்க. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிறவனை மோதித் தள்ளிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அந்த அணிக்குப் பயிற்சியாளர் ஏமோஸ் அலோன்சோ ஸ்டாக். அவரும் அங்கே ஒரு மாணவர்தான். நடுவில் நின்று பந்தைப் பின்னால் தருகிற இடத்தில் ஆடியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

மோதலில் காது பிய்ந்துவிடாமல் இருக்க நெய்ஸ்மித் தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஆடினாராம். ஃபுட்பால் ஹெல்மெட்டின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று என்று சொல்வார்கள். அடுத்த வருடமே, 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக இரண்டு பழக்கூடைகளை உடற்பயிற்சிக்கூடத்தின் பால்கனியில் ஆணியடித்து மாட்டி ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்தார். அதுதான் பாஸ்கெட்பால். அதே கல்லூரியில் படித்த வில்லியம் மோர்கன் என்பவர் 1895-ல் வாலிபாலைக் கண்டுபிடித்தார்.

ஒரே கல்லூரியிலிருந்து உலகத்துக்கு இரண்டு விளையாட்டுகள்!

ஒரு டாக்டராக எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நெய்ஸ்மித்தை அந்த விளையாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்ன அவருடைய ஆசிரியர் லூதர் குலிக் ஒரு மருத்துவர். நெய்ஸ்மித்தும் பிறகு மருத்துவம் படித்து 1898-ல் டாக்டர் ஆனார். இந்தக் கதையில் இன்னும் சில டாக்டர்கள் வருவார்கள், எண்ணிக்கொண்டே வாருங்கள்.

1892-ல் ஸ்டாக்கை சிகாகோ பல்கலைக்கழகம் அழைத்தது. கூலிக்கு வரும் பயிற்சியாளராக அல்ல, உடற்பயிற்சித் துறையின் தலைவராக, பேராசிரியர் அந்தஸ்தோடு! கணிதம் சொல்லித் தருபவருக்கு என்ன மரியாதையோ, மைதானத்தில் நிற்பவருக்கும் அதே மரியாதை. அன்றைய உலகத்துக்கு இது மிகப் புதிய ஏற்பாடு. ஸ்டாக் அங்கே 40 வருடங்களுக்கு மேல் இருந்தார்.

அதே காலத்தில் அமெரிக்க ஃபுட்பாலுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் இருந்தது. 1905-ல் ஒரே சீசனில் சுமார் 18 பேர் ஆடுகளத்தில் அடிபட்டு இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளைக் கூப்பிட்டுப் பேசினார். விதிகளை மாற்றினார்கள், ஒழுங்குபடுத்த ஓர் அமைப்பு உருவானது. அப்போது பக்குக்கு வயது 21.

இந்த இரண்டு விஷயங்களையும் பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. ஒன்று, பயிற்சியாளரும் ஆசிரியர்தான். இன்னொன்று, உடம்பைப் பற்றித் தெரியாதவன் கையில் பிள்ளைகளைக் கொடுத்தால் உயிரே போகும்.

சரி, இப்ப மெட்ராஸுக்கு வருவோம்.

ஒய்.எம்.சி.ஏ. மெட்ராஸில் 1890-லேயே வந்துவிட்டது. ஹைகோர்ட்டுக்கு எதிரே, எஸ்பிளனேடில் நிற்கும் சிவப்புக் கட்டடம் அவர்களுடையதுதான். உடற்பயிற்சிக்கென்று அந்த அமைப்பு இந்தியாவுக்கு அனுப்பிய முதல் ஆள் 1908-ல் கல்கத்தா வந்த ஜான் ஹென்றி கிரே. அவரும் ஒரு டாக்டர்! எண்ணிக்கை மூன்று.

1916-ல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் பொதுச்செயலாளராக முதன்முறையாக ஓர் இந்தியர் வந்தார். நம்ம சேலத்துக்காரர், கே.டி. பால். ஆக, 1919-ல் பக் இங்கே வந்து இறங்கியபோது அவர் சேர்ந்த நிறுவனத்தின் தலைமையில் ஒரு தமிழர் இருந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அவர் வந்த நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1918 இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றுவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மலேரியா, காசநோய், காலரா, பிளேக் எல்லாம் நாட்டில் உண்டு. சராசரி ஆயுள் 25-ஐக்கூடத் தொடவில்லை. (இப்போது 70-ஐத் தாண்டிவிட்டோம். "அந்தக் காலத்துல எல்லாரும் நூறு வயசு வாழ்ந்தாங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் அன்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.)

பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் ட்ரில். ட்ரில் மாஸ்டர் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். வரிசையில் நில், இடது வலது, திரும்பு. தப்பு செய்தவனுக்குப் பிரம்படி. பிள்ளையின் இதயம் எப்படி வேலை செய்கிறது, எந்த வயதில் எந்த மூட்டுக்கு எவ்வளவு பளு தரலாம் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது அவர் குற்றமும் இல்லை. மற்ற ஆசிரியர்களோடு சரிசமமாக உட்கார அவருக்கு நாற்காலியும் இல்லை.

பக் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். நினைத்திருந்தால் ஒரு நல்ல ஃபுட்பால் அணியையோ பாஸ்கெட்பால் அணியையோ உருவாக்கி, நாலு கோப்பை ஜெயித்து, பெயர் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். ஒரு பயிற்சியாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்க முடியும்? ஐம்பது? நூறு? பயிற்சியாளர்களை உருவாக்கினால்?

1920-ல் எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். முதல் வருட மாணவர்கள் ஐந்தே பேர்.

அதே 1920-ல், இதே மெட்ராஸில் இன்னொன்றும் தொடங்கியது. நகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. நம்முடைய மதிய உணவு, சத்துணவு, இன்றைய காலை உணவு எல்லாவற்றுக்கும் அதுதான் விதை. தி.நகரின் "தி" இவர்தான்.

ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஒருவர் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி யோசித்தார், இன்னொருவர் தசையையும் எலும்பையும் பற்றி யோசித்தார். வளரும் குழந்தைக்கு இரண்டும் வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலிலேயே சொல்லித்தரும் பாடம். இதில் முதல் விதை பெரிய மரமாகிவிட்டது, உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. இரண்டாவது என்னாச்சு? அதற்கும் வருவோம்.

பக்கின் கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? உடற்கூறியல், உடலியங்கியல், முதலுதவி, விளையாட்டுகளை நடத்தும் முறை, பாடம் எடுக்கும் முறை. மேல்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸோடு தண்டால், பஸ்கி போன்ற நம்மூர்ப் பயிற்சிகளும் உண்டு. ட்ரில்லைவிட விளையாட்டுக்கு முக்கியத்துவம். பிள்ளைகள் விரும்பிச் செய்வதைத்தான் நாளைக்கும் செய்வார்கள் என்ற எளிய கணக்கு.

வாலிபால் இதில் பெரிய வரம். ஒரு வலை, ஒரு பந்து, 18 மீட்டருக்கு 9 மீட்டர் இடம். ஒரே நேரத்தில் 12 பேர் ஆடலாம். செருப்புக்கூட வேண்டாம். இன்று தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் சாயங்காலம் ரெண்டு கம்பு நட்டு வலை கட்டி இளவட்டங்கள் ஆடுவதைப் பார்க்கலாம். அந்த ஆட்டத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது ஒய்.எம்.சி.ஏ. பள்ளிக்குப் பள்ளி அதைச் சேர்த்ததில் பக்கின் மாணவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு விதி. இரண்டு பள்ளிகள் மோதினால் ஆட்டத்தைவிடச் சண்டை அதிகம். பக் எல்லா விளையாட்டுகளின் விதிகளையும் தொகுத்து ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார். பழைய பள்ளிகளின் பி.டி. அறை அலமாரியில், ஓட்டை ஃபுட்பாலுக்கும் துருப்பிடித்த குண்டுக்கும் நடுவே அட்டை கிழிந்து கிடக்கும் விதிப் புத்தகம் எல்லாம் அந்த வம்சம்தான். 1929-ல் "வியாயாம்" என்ற பெயரில் உடற்கல்விக்கென்றே ஓர் இதழும் கல்லூரியிலிருந்து வந்தது. பெயரைக் கவனித்தீர்களா? அமெரிக்கர் நடத்திய இதழுக்கு இந்தியப் பெயர்.

இப்போது 1924-க்கு வாருங்கள். பாரிஸ் ஒலிம்பிக்ஸ்.

அந்த வருடம் டெல்லியில் அகில இந்தியப் போட்டி நடத்தி, அதிலிருந்து தடகள அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். அணியின் மேலாளராகப் பாரிஸ் போனவர் நம்ம பக்தான். ஒருவரும் பதக்கம் வாங்கவில்லை. நேர்மையாகச் சொன்னால் வாங்கும் நிலையிலும் இல்லை.

ஆனால் அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடியவர் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தியே ஆகவேண்டும். சி.கே. லட்சுமணன். அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் பகுதி, கண்ணூர்க்காரர். முதல் சுற்றைத் தாண்டவில்லை. பின்னாளில் மருத்துவத் துறையில் படிப்படியாக உயர்ந்து, சுதந்திர இந்தியாவின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராக, அதாவது நாட்டின் மருத்துவ நிர்வாகத்தின் உச்ச நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் நம்பர் நான்கு! "விளையாட்டா, படிப்பா? ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணு" என்று பிள்ளையை மிரட்டும் பெற்றோருக்கு நான் அடிக்கடி சொல்லும் பெயர் இது.

ஐந்தாவது டாக்டரும் இங்கேதான் வருகிறார். ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரன். பாரிஸுக்குப் பிறகு அவரும் பக்கும் நாடு முழுக்கச் சுற்றி மாகாண ஒலிம்பிக் சங்கங்கள் உருவாக உழைத்தார்கள். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. தலைவர் தோராப்ஜி டாடா, செயலாளர் நோரன். பக் சென்னைக்குத் திரும்பி மறுபடி வகுப்பெடுக்கப் போய்விட்டார்.

கல்லூரிக்கும் இடம் போதவில்லை. பிறகுதான் அடையாறு ஆற்றை ஒட்டி சைதாப்பேட்டையில் சுமார் 65 ஏக்கரில் இப்போதைய வளாகம் வந்தது. பழைய ஆவணங்களில் "ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, சைதாப்பேட்டை" என்றே இருக்கும். குழம்ப வேண்டாம், நந்தனம் என்ற பெயரே பின்னால் வந்தது. 1952-53 தமிழ் ஆண்டின் பெயர் நந்தன, அதை வைத்து ராஜாஜி இட்ட பெயர் என்பார்கள். இன்று அதன் ஒரு சதுர அடி என்ன விலை போகும் என்று யோசித்தால் தலை சுற்றும். நூறு வருடமாக அது மைதானமாகவே இருப்பதே ஒரு சாதனைதான்.

அருகிலேயே சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் இருந்தது. ஒரு பக்கம் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித்தரும் ஆசிரியர் உருவாகிறார். கூப்பிடு தூரத்தில் உடம்பைச் சொல்லித்தரும் ஆசிரியர் உருவாகிறார். மெட்ராஸ் அரசும் பக்கை உடற்கல்விக்கு ஆலோசகராக வைத்துக்கொண்டது. ட்ரில் மாஸ்டர் என்ற பெயர் மெல்ல மறைந்து, ஃபிசிகல் டைரக்டர், உடற்கல்வி ஆசிரியர் என்ற பெயர்கள் வந்தன. பெயர் மட்டுமில்லை, கையில் சான்றிதழ், ஸ்டாஃப் ரூமில் நாற்காலி.

"மதம் பரப்ப வந்த அமைப்புதானே, வெள்ளைக்காரன்தானே" என்று கமெண்ட் வரும், எனக்குத் தெரியும். ஒய்.எம்.சி.ஏ. கிறிஸ்தவ அமைப்புதான், அதை யாரும் மறைக்கவில்லை. அன்றைய ஆங்கிலேய அரசோடு ஒத்துப்போய்த்தான் வேலை செய்தார்கள், அதுவும் உண்மை. "இந்தியர்களின் உடம்பைத் திருத்துகிறோம்" என்ற தொனி அந்தக் கால மேல்நாட்டவர்களின் எழுத்தில் உண்டு, படிக்கும்போது எனக்கும் உறுத்தும். அதனால்தான் கே.டி. பாலைப் பற்றி முன்பே சொன்னேன். அமைப்பு இந்தியர் கைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் வந்தவர் பக். தனக்குக் கீழே வேலை பார்க்கும் உதவியாளர்களை அவர் உருவாக்கவில்லை, தன் இடத்தில் உட்காரப்போகிறவர்களை உருவாக்கினார். என் கணக்கில் அதுதான் எடைக்கல்.

இனி அந்த இரண்டாவது விதைக்கு வருவோம்.

நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். டைம்டேபிளில் மட்டும்! ஒன்றைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார், இன்னொன்றை சயின்ஸ் மிஸ். பத்தாவது வந்ததும் அதுவும் போச்சு. உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதே அனுபவம் இருக்கும். பி.டி. சார் என்ன செய்வார்? இறைவணக்கக் கூட்டத்தில் வரிசையைச் சரி செய்வார், லேட்டா வந்தவனை நிறுத்திவைப்பார், ஆண்டு விழாவுக்கு ஷாமியானா பார்ப்பார். உடற்கூறியலும் உடலியங்கியலும் படித்துவிட்டு வந்தவரை நாம் திரும்பவும் ட்ரில் மாஸ்டராக்கி வைத்திருக்கிறோம்.

இது விளையாட்டுப் பிரியர்களின் புலம்பல் மட்டுமில்லை மக்களே, மருத்துவப் பிரச்சனை.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் 11-17 வயதினரில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று அதே நிறுவனத்தின் ஆய்வு 2019-ல் சொன்னது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்ப இன்சுலின் வேண்டும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஓடும்போதும் குதிக்கும்போதும் சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி வேலை செய்து பழகிய தசை பிறகு இன்சுலினுக்கும் நன்றாகக் கட்டுப்படும். சும்மா உட்கார்ந்திருக்கும் தசைக்கு இந்த வாய்ப்பே கிடையாது.

எலும்பும் அப்படித்தான். எலும்பின் அடர்த்தியில் பெரும்பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. சேர்வதற்குப் பளு வேண்டும், குதி வேண்டும். பதினான்கு வயதில் ஆடாமல் உட்கார்ந்த பெண் பிள்ளை, அறுபது வயதில் குளியலறையில் வழுக்கினால் இடுப்பெலும்பு முறிய வாய்ப்பு அதிகம். கணக்கு பீரியடாக மாறிய பி.டி. பீரியடுக்கான பில் அத்தனை வருடம் கழித்து வரும். அப்போது அந்தக் கணக்கு சாரைத் தேட முடியாது.

பெண் பிள்ளைகள் என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கின் கல்லூரி 1940-ல் பெண்களையும் மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது. பெண்கள் மைதானத்தில் ஓடினாலே வாய் பிளந்து பார்த்த காலம் அது. அவர்களையே பயிற்சி ஆசிரியைகளாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள்.

அதற்கு மூன்று வருடம் கழித்து, 1943-ல் பக் காலமானார். இங்கேயே, மெட்ராஸில். 1919-ல் வந்தவர், 24 வருடங்கள் இங்கே வேலை பார்த்துவிட்டு, ஐம்பத்தெட்டே வயதில் போய்விட்டார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, பெரிதாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர் உருவாக்கியவர்கள் அதற்குள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பி.எம். ஜோசப். பக்கிடம் பயின்றவர். 1938-ல் பம்பாய் அருகே காந்திவிலியில் உடற்கல்விப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் அவர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு, 1857 கிளர்ச்சியின் நூற்றாண்டில், ஜான்சி ராணி லட்சுமிபாய் வீழ்ந்த குவாலியரில், அவர் பெயரிலேயே இந்திய அரசு ஓர் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது. 1957-ல் அதன் முதல் முதல்வராகப் போய் உட்கார்ந்தவரும் இதே ஜோசப்தான்.